பிளக்கின் நிறம்

'பொறி' என்னும் சொல்லுக்குத் தமிழில் எத்தனை பொருள் என்று வகுப்பில் அடுக்கிச் சொன்னால் மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. தெறிக்கும் நெருப்புத் துணுக்கு பொறி. எந்திரம் பொறி. கண்ணும் காதும் மூக்கும் பொறிகள். எலிக்கு வைப்பதும் பொறியே. ஒரு பெட்ரோல் எஞ்சினின் தலையில் திருகி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்க்கையில், இந்தப் பொருள்கள் ஏறத்தாழ அனைத்தும் அந்த விரல் நீளப் பண்டத்தில் வந்து கூடியிருப்பதாகத் தோன்றும். நெருப்பைத் தெறிக்கச் செய்வது அதன் வேலை. எந்திரத்தின் உறுப்பாகவும் அது இருக்கிறது. எலிப்பொறி என்ற பொருளும் பொருந்தும் என்பதைப் பழைய கார் வாங்கித் 'திருத்த'த் தொடங்கியவர்களிடம் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். எங்களை ஈர்ப்பது மூன்றாவது பொருளான புலன். மூடிய உருளைக்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை நடக்கும் எரிதலை அருகிலிருந்து கண்டு, கண்டதைத் தன் வெண்பீங்கானில் எழுதிக்கொண்டு வெளியே வருவது அந்த ஒன்றுதான்.

இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது இருவரை. தமிழ் கற்பிக்கும் அக்கா ஒருவர். இங்கிலாந்தில் வாரிக்‌ஷர் மாவட்டத்து ரக்பி நகரில் கணினி வேலை பார்க்கும் தம்பி மற்றவர். (அந்த விளையாட்டுக்குப் பெயர் கொடுத்த பள்ளிக்கூடம் இருக்கும் ஊரேதான்.) பட்டுக்கோட்டையில் அப்பா நடத்திய இருசக்கர வண்டிப் பட்டறையில் வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளிக்குப் புறப்படுமுன் பிளக் துடைப்பது எங்கள் முறைவேலை. டி.வி.எஸ். 50, ராஜ்தூத், எஸ்டி, பஜாஜ் சேத்தக் என்று அன்று வந்தவையெல்லாம் எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடிய வண்டிகள். அவற்றின் பிளக்குகள் கரி பிடித்துக் கறுத்துத்தான் வரும். பெட்ரோலில் ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, உப்புத்தாளால் முனையை மினுக்கி, வரிசையாகப் பலகையில் வைத்துவிட்டுப் போவோம். 'பிளக்கு கருத்தா கழுவலாம், வெளுத்தாதான் பயப்படணும்' என்பது அப்பாவின் வாக்கு. வெளுத்த பிளக் எதையும் அந்தப் பட்டறையில் நாங்கள் பார்த்ததாக நினைவில்லை. அதைப் பார்க்க ரக்பி வரை போக வேண்டியிருந்தது.

தம்பி வைத்திருப்பது 2004ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ். ஆக்ஸ்ஃபோர்டில் பி.எம்.டபிள்யூ கட்டிய கார். ஆர்53 என்பது அதன் உட்பெயர். 1,598 கன செண்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு உருளைகளும் கொண்ட அதன் எஞ்சின், பி.எம்.டபிள்யூவும் கிரைஸ்லரும் கூட்டாக நடத்திய ட்ரைடெக் ஆலையில், பிரேசிலின் காம்போ லார்கோ ஊரில் வார்த்துச் செய்யப்பட்டது. எஞ்சினோடு ஈட்டன் எம்45 என்ற சூப்பர்சார்ஜர் பூட்டப்பட்டிருக்கிறது. டர்போ தெரிந்த அளவுக்கு நம்மவர்க்கு இது தெரியாது என்பதால் இரண்டு சொல். டர்போ புகைக்காற்றின் விசையில் சுழல்வது. சூப்பர்சார்ஜரோ எஞ்சினின் கிராங்கிலிருந்தே பட்டை வழியாகச் சுழல்வது. ஆகையால் மிதித்த கணத்தில் பலன் தெரியும். உள்ளே முறுக்கிய இரண்டு உருள்கள் ஒன்றோடொன்று உரசாமல் சுழன்று, சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான காற்றை எஞ்சினுக்குள் தள்ளுகின்றன. தள்ளிய காற்றுக்கேற்பப் பெட்ரோலும் கூடும், ஆற்றலும் கூடும். இப்படி அமுக்கப்பட்ட கலவையைப் பிஸ்டன் மேலும் அமுக்கினால் தானாகவே வெடித்துவிடக்கூடும் என்பதால்தான், சூப்பர்சார்ஜர் இல்லாத தன் உடன்பிறப்பின் 10.6 என்ற அமுக்க விகிதத்தை இதில் 8.3ஆகக் குறைத்து வைத்தார்கள்.

தம்பிக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர், சூப்பர்சார்ஜரின் கப்பியை விட்டத்தில் 15 விழுக்காடு சிறியதாக மாற்றியிருந்தார். இந்தக் காரை வைத்திருப்போர் பலர் முதலில் செய்யும் மாற்றம் இதுவே. கப்பி சிறுத்தால் சுழற்சி ஏறத்தாழ 18 விழுக்காடு கூடும். காற்றழுத்தம், வளிமண்டலத்துக்கு மேல் சுமார் 0.8 பார் என்றிருந்தது 1 பாரை நெருங்கும். ஓசையும் மாறும், அந்தச் சீழ்க்கைக்காகவே இதைச் செய்பவர்கள் உண்டு என்பது தம்பியின் கட்சி. செலவோடு ஒப்பிட்டால் இவ்வளவு மகிழ்ச்சி தரும் மாற்றம் வேறில்லை என்கிறான். இருக்கலாம். ஆனால் அழுத்தத்தைக் கூட்டிய கை, அந்த அழுத்தத்துக்குள் நின்று பொறி தெறிக்க வேண்டிய பண்டத்தையும் சேர்த்துத்தானே எண்ணியிருக்க வேண்டும்?

மே மாத விடுமுறையில் நாங்கள் அந்தக் காரில் ஊரைச் சுற்றியபோது குறை வெளிப்பட்டது. மெல்லப் போனால் பட்டுப் போல் ஓடியது. மூன்றாம் கியரில் முழுக்க மிதித்து, முள் ஐயாயிரத்தைத் தாண்டும்போது வண்டி திக்கியது. 'மிஸ்ஸிங்' என்று பட்டறையில் சொல்வோமே, அதேதான். காயில், ஒயர், பெட்ரோல் வடிகட்டி என்று தம்பி ஐயங்களை வரிசைப்படுத்தினான். ஜூலையில் லெஸ்டர்ஷரில் ஒரு பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டுவதற்குப் பணம் கட்டி வைத்திருந்தான் வேறு. முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம் என்றோம். அடுத்த நாள் காலை, இரவெல்லாம் நின்று எஞ்சின் முற்றிலும் ஆறியிருந்தபோது (அலுமினிய ஹெட்டிலிருந்து சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும்), குழிகளில் படிந்திருந்த தூசியை ஊதித் தள்ளிவிட்டு, 16 மி.மீ. சாக்கெட்டால் நான்கையும் கழற்றிச் சமையலறை மேசையில், எந்த உருளையிலிருந்து எது வந்தது என்ற வரிசை மாறாமல், செய்தித்தாள் மேல் வைத்தோம்.

பட்டுக்கோட்டையில் அப்போது பிற்பகல். அப்பாவுக்கு வயது எழுபத்தொன்பது. பட்டறையை மூடிப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. கண்புரை அறுவையும் முடிந்தது. கைப்பேசியில் படத்தோடு அழைத்ததும், நலம் விசாரிக்குமுன் அவர் கேட்டது ஒன்றுதான்.

"என்ன கலர்?"

"காப்பிப் பொடி மாதிரி இருக்குப்பா. மூணாவது மட்டும் வெளுத்திருக்கு" என்றான் தம்பி.

"கிட்ட காட்டு. லைட்டை அடி." சற்று நேரம் பேச்சில்லை. "வெளுத்ததுல பொட்டுப் பொட்டா இருக்கா?"

இருந்தது. நடு முனையைச் சூழ்ந்த பீங்கானில், மிளகைப் பொடித்துத் தூவியது போலச் சில கரும்புள்ளிகள். அவற்றுக்கிடையே வெளிச்சம் பட்டால் மின்னும், ஊசிமுனையளவான வெள்ளித் துணுக்குகள்.

"கரிதாம்ப்பா. தொடச்சா போயிரும்."

"மின்னுறது கரி இல்லடா. அது பிஸ்டன்."

சூப்பர்சார்ஜர் என்ற ஒன்றை வாழ்நாளில் கண்ணால் கண்டிராத மனிதர், ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, கைப்பேசித் திரையில் அதைச் சொன்னார். அவர் சொன்னது சரி. கலவை பொறியால் பற்றி ஒழுங்காகப் பரவுவதற்குப் பதிலாக, ஓரங்களில் தானே வெடிக்கும்போது அல்லது கனன்று கொண்டிருக்கும் ஏதோவொரு முனையால் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளும்போது, பிஸ்டனின் தலையில் மோதும் வெப்பமும் அடியும் அதன் அலுமினியத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பெயர்க்கும். பெயர்ந்த துணுக்கு உருகி, பிளக்கின் பீங்கானில் போய் ஒட்டும். எஞ்சின் தன் உடம்பைத் தானே தின்னத் தொடங்கியதற்கான முதல் எழுத்துச் சான்று அது. இந்நிலையில் பந்தயத் தடத்தில் இருபது நிமிடம் முழுக்க மிதித்து ஓட்டினால் பிஸ்டனில் துளை விழுவதற்கு வேறெதுவும் வேண்டாம்.

தம்பி நெடுநேரம் பேசவில்லை. அந்தக் கார் அவனுக்கு வெறும் கார் அன்று என்பதை அக்காவாக இருப்பவர் அறிவார். வெளிநாட்டில் தனியாக இருந்த ஆண்டுகளில் அவன் தன் கையால் செய்த ஒரே வேலை அந்தக் காரின் மீதானது. மற்றபடி நாள் முழுதும் திரையைப் பார்க்கும் பிழைப்பு.

அன்று மாலையே மேலும் இரண்டு சோதனைகள் செய்தோம். பிளக் துளை வழியாக அமுக்க அளவியைத் திருகி நான்கு உருளைகளையும் அளந்தோம்; நான்கும் அரைப் பார் வேறுபாட்டுக்குள் இருந்தன. அதே துளை வழியாக நுழையும் சிறு எண்டோஸ்கோப் கேமராவை இறக்கிப் பார்த்தபோது மூன்றாம் பிஸ்டனின் விளிம்பில் மணல் தேய்த்தது போன்ற சொரசொரப்பு மட்டுமே தெரிந்தது. துளையோ விரிசலோ இல்லை. எஞ்சின் பிழைத்தது. ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்வி மட்டும் நின்றது.

விடை பிளக்கின் உடம்பிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அழுக்கைத் துடைத்ததும் தெரிந்த எண் 5. அந்தக் காரோடு வந்த என்.ஜி.கே. பிளக்கின் எண் 6.

இங்கே வெப்ப எண் என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதில் தடுமாறாதவர் குறைவு. பிளக்கின் நடுமுனையைச் சுற்றியிருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால், அது வாங்கிய வெப்பம் வெளியேற நெடுவழி போக வேண்டும். முனை சூடாகவே இருக்கும். மூக்கு குட்டையாக இருந்தால் வெப்பம் விரைவில் இரும்பு உடலுக்கும் அங்கிருந்து ஹெட்டுக்கும் போய்விடும்; முனை ஆறும். முன்னதைச் சூட்டுப் பிளக் என்றும் பின்னதைக் குளிர்ப் பிளக் என்றும் சொல்வது வழக்கம். பொறியின் சூட்டுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. முனையின் வெப்பம் ஏறத்தாழ 450 பாகைக்குக் கீழே போனால் படியும் கரி எரிந்து போகாமல் சேர்ந்துகொண்டே வரும். 850 பாகையை ஒட்டிப் போனால் முனையே தணல் போல் கனன்று, பொறி வருமுன் கலவையைப் பற்றவைத்துவிடும். இந்த இரு கரைகளுக்கு இடையில் முனையை வைத்திருப்பதே தேர்வு. எண் ஒரு படி மாறினால் முனையின் வெப்பம் 70 முதல் 100 பாகை வரை மாறும் என்பது என்.ஜி.கே. தரும் கணக்கு.

எண்கள் எந்தத் திசையில் போகின்றன என்பதில்தான் குழப்பம். என்.ஜி.கே.யில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ச்சியாகும். டென்சோவிலும் அப்படியே, ஆனால் எண்கள் 20, 22, 24 என்று வேறு. பாஷிலும் சாம்பியனிலும் எண் இறங்க இறங்கக் குளிர்ச்சி. இது போதாதென்று, எங்கள் பட்டறை அலமாரியில் இருந்த மைக்கோ பெட்டிகளில் 175, 225 என்று மூன்றிலக்க எண்கள் இருந்தன. (1951இல் தொடங்கப்பட்டு நாடெங்கும் பிளக் விற்ற மைக்கோதான் 2008 முதல் பாஷ் லிமிடெட் ஆயிற்று.) அவை பாஷின் பழைய கணக்கு, அதில் எண் ஏறினால்தான் குளிர்ச்சி. ஓரிலக்கத்துக்கு மாறியபோது அதே நிறுவனம் திசையையும் திருப்பிக்கொண்டது. ஆக, காரின் முந்தைய உடைமையாளர் என்ன செய்திருப்பார் என்பதை நாங்கள் ஊகித்துக்கொண்டோம். கப்பியை மாற்றியதும், குளிர்ந்த பிளக் போட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறார். அதுவரை ஒத்த அறிவுரையே. 6ஐ விடக் குளிர்ந்தது 5 என்று, வேறொரு நிறுவனத்தின் இலக்கணத்தைக் கொண்டு இந்த நிறுவனத்தின் சொல்லுக்குப் பொருள் கொண்டுவிட்டார். அழுத்தம் கூடிய எஞ்சினில் முன்னிலும் சூடான பிளக். நான்கு உருளைகளும் எப்போதும் ஒரே சூட்டில் ஓடுவதில்லை. சூடு மிகுந்த உருளை முதலில் முறையிட்டிருக்கிறது.

இனி எந்த எண்? தம்பியின் நண்பர்கள் 8 என்றார்கள். எது நேர்ந்தாலும் தாங்கும் என்பது அவர்கள் வாதம். இதை நாங்கள் ஏற்கவில்லை. கூட்டிய ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி குளிர்ச்சி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கட்டைவிரல் கணக்கு. சிறிய கப்பி அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஆலை தந்த 6 போதும். தம்பி அலுவலகத்துக்குப் போவது மூன்று மைல். குளிர்காலத்தில் எஞ்சின் சூடேறுமுன் அலுவலகம் வந்துவிடும். அத்தகைய ஓட்டத்தில் 8 போட்டால் ஒரு வாரத்தில் கரி பிடித்துப் பட்டுக்கோட்டை சேத்தக் போல உதைக்க வேண்டியிருக்கும். ஆயினும் ஏற்கெனவே அடி வாங்கிய மூன்றாம் பிஸ்டன் உள்ளே இருக்கிறது. கறுத்த பிளக்கைக் கழற்றி மாற்ற நான்கு பிளக்கின் விலையும் அரைமணி நேரமும் ஆகும். துளைபட்ட பிஸ்டனுக்கு எஞ்சினையே இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் தவறு நேரலாம் என்றால், விலை குறைந்த தவறின் பக்கம் சாய்வதே முறை. 7 என்று முடிவு செய்தோம். இலையுதிர்காலம் முடிந்ததும் 6க்குத் திரும்புவது என்றும் பேசிக்கொண்டோம்.

பருவத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டுப் பிளக் வைத்திருப்பது வேடிக்கையாகத் தெரியலாம். 1930களின் பந்தயக் களங்களில் இது நாள்தோறும் நடந்தது. சூப்பர்சார்ஜர் பூட்டிய அக்காலப் பந்தயக் கார்களை 'மென்மையான' சூட்டுப் பிளக்குகளில் கிளப்பிச் சூடேற்றுவார்கள். போட்டி தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது மெக்கானிக்குகள் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டுக் 'கடினமான' குளிர்ப் பிளக்குகளைத் திருகுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் கடினமானவை நனைந்துபோகும். பந்தயத்தில் மென்மையானவை உருகிப்போகும். ஒரே பிளக்கால் இரண்டையும் தாங்க முடியாத காலம் அது. அன்று அந்தக் களங்களில் புகழ்பெற்றிருந்த லாட்ஜ் பிளக்குகள் செய்யப்பட்டது இதே ரக்பியில். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் முதல் முதல்வராக இருந்த இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் மின்பொறி குறித்துச் செய்த ஆய்வுகளை அவருடைய புதல்வர்கள் தொழிலாக்கினார்கள். தம்பி இத்தனை ஆண்டுகள் அவ்வூரில் இருந்தும் இதை அறிந்திருக்கவில்லை. உள்ளூர் நூலகத்தில் படித்துச் சொன்னபோது, 'அப்பாகிட்ட சொல்லாதேக்கா, இங்க வந்து குடியேறிடுவாரு' என்றான்.

எந்த உலோகம் என்பதில் அதிக நேரம் செலவிடவில்லை. இரிடியம் முனைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது, நுனி மெல்லியதாக இருப்பதால் பொறி தெறிக்கக் குறைந்த மின்னழுத்தம் போதும் என்பது; அது உண்மைதான். ஆனால் இந்தக் காரில் ஒரே காயில் பெட்டியிலிருந்து இரண்டிரண்டு பிளக்குகளுக்கு ஒரே நேரத்தில் மின்சாரம் போகிறது. இணையில் ஒன்றில் பொறி நடுமுனையிலிருந்து வெளிமுனைக்கும், மற்றதில் வெளிமுனையிலிருந்து நடுமுனைக்கும் பாயும். நடுமுனைக்கு மட்டும் விலையுயர்ந்த உலோகம் வைத்த பிளக்கில், எதிர்த்திசையில் பாயும் இரண்டின் வெளிமுனைகள் சாதாரண உலோகமாகவே இருந்து தேயும். அடிக்கடி கழற்றி நிறம் பார்க்கப் போகிற எங்களுக்கு, கூச்சமில்லாமல் மாற்றக்கூடிய மலிவான நிக்கல் முனைப் பிளக்கே நல்லது என்று தோன்றியது. ஆலை தந்த மூலப் பிளக்குக்கு நான்கு வெளிமுனைகள். அவற்றின் இடைவெளியை வளைத்து மாற்றுவதற்கில்லை. அதனாலும் ஒற்றை முனை கொண்ட பி.கே.ஆர்.7ஈ என்பதை வாங்கினோம்.

இடைவெளிக்கு வருவோம். வண்டி திக்கியதற்கு நேரடிக் காரணம் அதுதான். கழற்றிய பழைய பிளக்குகளின் இரு முனைகளுக்கு இடையே ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தபோது 1.05 மி.மீ., ஒன்றில் 1.1. தேய்ந்து தேய்ந்து அகன்றிருந்தது. வாயுவின் ஊடே பொறி தெறிக்கத் தேவைப்படும் மின்னழுத்தம், அந்த வாயுவின் அழுத்தத்தையும் முனைகளின் தூரத்தையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்று 1889இல் ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்ரிக் பாஷன் காட்டினார். எஞ்சின் உருளைக்குள் இருக்கும் நிலைமைகளில், அழுத்தம் கூடினாலும் தூரம் கூடினாலும் காயில் கூடுதலாக உழைக்க வேண்டும். இருபது வயதுக் காயிலுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை கடந்தால் பொறி இல்லை, வண்டி திக்கும். மெல்லப் போகையில் உருளைக்குள் அழுத்தம் குறைவு, ஆகவே பட்டுப் போல் ஓடியது.

பாஷன் விதியை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். காற்று உள்ளே வரும் அழுத்தம், வளிமண்டலத்தையும் சேர்த்து, முன்பு 1.8 பார், இப்போது 2. தொகை மாறாமலிருக்க, ஆலையின் 0.8 மி.மீ. இடைவெளி அதே விகிதத்தில் சுருங்க வேண்டும். 0.8ஐ 1.8ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 0.72. (உருளைக்குள் வெப்பமும் மாறும் என்பதால் இது கச்சிதமான கணக்கன்று; எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கு ஒரு கைகாட்டி.) இந்தக் காரை இவ்வாறு மாற்றியவர்கள் வழக்கமாக வைக்கும் 0.7 மி.மீ. கணக்கோடு ஒத்து வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. இன்னும் சுருக்கினால் பொறி உறுதியாகத் தெறிக்கும். ஆனால் குட்டையான பொறி பற்றவைக்கும் தீயின் கரு சிறியது, குளிர்ந்த முனைகள் அதன் சூட்டை உறிஞ்சிவிடும். நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். தேவைக்கு மேல் சுருக்குவதும் நோய்தான்.

அப்பாவிடம் ஃபீலர் கேஜ் இருந்தது. எண்ணெய்த் துணியில் சுற்றி மேல்தட்டில் இருக்கும். கையில் எப்போதும் இருந்தது, நூலில் கட்டி ஆணியில் தொங்கிய உடைந்த ஆக்சா பிளேடு. கரி சுரண்டவும் அதுதான், கேப் வைக்கவும் அதுதான். இரு முனைகளுக்கிடையே அதை விட்டு, இழுக்கும்போது 'லேசா பிடிக்கணும், கடிக்கக்கூடாது' என்பார். தம்பி பொறியியல் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் இதை நாட்டு வைத்தியம் என்று சொல்லி அவரைக் கோபப்படுத்தியது எங்கள் வீட்டில் அவ்வப்போது நினைவூட்டப்படும் செய்தி. ரக்பியில் அவன் கருவிப் பெட்டியிலும் ஓர் ஆக்சா பிளேடு இருந்தது. வெர்னியரில் வைத்து அதன் தகட்டை அளந்தோம். 0.64 மி.மீ. கையால் அறுக்கும் ஆக்சா பிளேடுகள் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 25 பங்கு என்ற ஒரே தடிமனில்தான் உலகெங்கும் வருகின்றன. மில்லிமீட்டரில் சொன்னால் 0.63 அல்லது 0.65. எங்கள் கணக்கின் விடைக்கு ஒரு முடியளவு குறைவு. தம்பி வெர்னியரை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, இன்னொரு முறை அளந்தான்.

பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பிளக்கின் இடைவெளி சரியாகவே இருக்கும் என்று நம்பக்கூடாது. வாங்கிய நான்கில் மூன்று 0.8, ஒன்று 0.9, வழியில் எங்கோ விழுந்திருக்கும். இடைவெளியைச் சுருக்க வெளிமுனையை மட்டுமே தொட வேண்டும். மரத்துண்டில் மெல்லத் தட்டி, கேஜை விட்டுப் பார்த்து, மறுபடி தட்டினோம். அதிகமாகிவிட்டால் வளைப்பியால் வெளிமுனையின் முதுகைப் பிடித்து நிமிர்த்த வேண்டும். நடுமுனையில் ஊன்றி நெம்பினால் பீங்கான் உள்ளுக்குள் விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியாது. இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நான்கு பிளக்குகளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பட்டறையில் அப்பாவுக்கு ஒன்றுக்கு அரை நிமிடம் ஆகும்.

மரையில் எதையும் தடவவில்லை. புதிய பிளக்குகளின் மரை ஏற்கெனவே பூச்சுப் பெற்றது. மேலும் வழுக்கும் பசையைத் தடவினால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவை நம்ப முடியாது, மரை மிகையாக இறுகிவிடும். கையாலேயே கடைசி வரை திருகி, 27 நியூட்டன் மீட்டரில் இறுக்கினோம். டேங்கில் இருந்த சாதாரணப் பெட்ரோலை ஓட்டித் தீர்த்துவிட்டு, ஆக்டேன் உயர்ந்த சூப்பர் ரகத்தை நிரப்பினோம். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண ரகம் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்தது. பழைய எஞ்சினுக்கு அதைவிட உயர்ரகமே ஏற்றது என்பதோடு, வெடிப்பைத் தடுக்க ஆக்டேன்தான் முதல் காவல். குளிர்ந்த பிளக் தன் முனையைக் கனலவிடாமல் வைத்துக்கொள்ளும், அவ்வளவே. மட்டமான பெட்ரோல் ஓரங்களில் வெடிப்பதை அது நிறுத்தாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

இருநூறு மைல் ஓடிய பின், ஊருக்கு வெளியே ஏற்றமான ஒரு சாலையில் மூன்றாம் கியரில் முழுக்க மிதித்தோம். முள் ஆறாயிரத்தைக் கடந்தும் திக்கவில்லை. அங்கேயே எஞ்சினை அணைத்து, கிளச்சை மிதித்து உருட்டி ஓரங்கட்டினோம். மெல்ல ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினால் பிளக்கில் எழுதியது அழிந்து, மெல்ல ஓட்டிய கதைதான் இருக்கும். ஒன்றரை மணி நேரம் புல்வெளியில் உட்கார்ந்திருந்து, ஆறிய பின் கழற்றினோம். ஈயமற்ற பெட்ரோலில் பீங்கான் அழகாகப் பழுப்பேறக் காலமாகும் என்பதால் நிறத்தைவிட வேறிரண்டைத் தேடினோம். வெளிமுனையின் வளைவில், உலோகத்தின் நிறம் மாறும் கோடு நடுவாக்கில் இருந்தது. முனை அளவாகச் சூடேறியிருக்கிறது என்று பொருள். பீங்கானில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தோம். மூன்றாவதைத் தம்பி கடைசியில்தான் கையில் எடுத்தான். பொட்டு இல்லை.

ஜூலை ஓட்டத்தை அவன் செப்டம்பருக்கு மாற்றிக்கொண்டான். கட்டிய பணத்தில் ஒரு பகுதி போனது. ஏன் என்று நண்பர்கள் கேட்டதற்கு, அப்பா பார்க்கட்டும் என்றானாம்.

பழைய மூன்றாம் பிளக்கைக் கொண்டுவரும்படி அப்பா சொல்லியிருந்தார். பயணப் பெட்டியில் துணிகளுக்கிடையே சுற்றி வைத்து, ஊர் வந்ததும் அவர் கையில் கொடுத்தாயிற்று. திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்துக்கு வெகு அருகில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மின்னும் துணுக்கொன்றை நகத்தால் நெருடினார். பிறகு இரு முனைகளுக்கும் இடையே இருந்த சந்து வழியே வெளிச்சத்தைப் பார்த்து, "இவ்வளவு அகலமா விட்டா யார்தான் தாண்டுவா?" என்றார். புதியவற்றுக்கு என்ன அளவு வைத்தோம் என்று கேட்டு, 0.7 என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஆயிரம் மைல் ஆனதும் கழட்டி கலர் காட்டச் சொல்லு பாப்பா. பகல் வெளிச்சத்துல காட்டச் சொல்லு."